‘தேர்ஃபோர்’ – இந்தச் சொல்லை எங்கே வைப்பது?

வியாபாரிகளாகிய நாம் வாடிக்கையாளரிடம் தமிழில் பேசுகிறோம். பாக்கி நோட்டில் தமிழில் எழுதுகிறோம். ஆனால் பணம் வர வேண்டிய இடத்துக்கும், நோட்டீஸ் அனுப்பிய இடத்துக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதாகிவிடுகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி, வங்கியின் தலைமை அலுவலகம், கலபுரகியிலிருந்து துவரம்பருப்பு அனுப்புகிற மில் என்று எங்கே எழுதினாலும் இதுதான் நிலைமை. அப்படி எழுதப்படும் கடிதங்களில் தவறாமல் தலைகாட்டுகிற ஒரு சொல் உண்டு. அதுதான் ‘தேர்ஃபோர்’.

ஆகவே, ஆகையால், எனவே என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் மூன்று புள்ளி வைத்து ‘ஆகவே’ என்று படிப்பாரே, அதே சொல்தான். (அந்த மூன்று புள்ளிக் குறியை ஸ்விட்சர்லாந்துக்காரரான யோஹான் ரான் என்பவர் 1659இல் தம்முடைய இயற்கணிதப் புத்தகத்தில் பயன்படுத்தினார்.) பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் அதை எந்த வாக்கியத்துக்குப் பின்னால், எந்த வாக்கியத்துக்கு முன்னால் வைக்கிறோம் என்பதில் கோட்டை விட்டுவிடுகிறோம். அதனால் நம் அன்பர் ஒருவருக்கு வந்த சங்கடத்தை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போவோம்.

அவர் மீஞ்சூர் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை நம் பகுதியை என்ன பாடு படுத்தியது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. டிசம்பர் 4ஆம் தேதி விடியற்காலை அவருடைய கடைக்குள் வெள்ளம் புகுந்தது. அரிசி, பருப்பு, வெல்லம் என்று கீழ் அடுக்கில் இருந்த மூட்டைகள் எல்லாம் நனைந்து வீணாயின. சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் கடையில் கணக்கு எழுதும் பையன் ஒருவனை வைத்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அதன் முக்கியமான வரிகள் இவை:

‘தேர் வாஸ் நோ கரண்ட். தேர்ஃபோர் வீ குட் நாட் ஷிஃப்ட் தி பேக்ஸ். தேர்ஃபோர் தி பேக்ஸ் வேர் ஸ்பாயில்ட். கைண்ட்லி பே அவர் கான்சிக்வென்ஷியல் லாஸ்.’

இதைத் தமிழில் படித்துப் பாருங்கள். கரண்ட் இல்லை. ஆகவே மூட்டைகளை இடம் மாற்ற முடியவில்லை. ஆகவே மூட்டைகள் கெட்டன. எங்களுக்கு ஏற்பட்ட ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’ தொகையைக் கொடுங்கள். நான்கு வரியில் ‘வெள்ளம்’ என்ற சொல்லே இல்லை! கம்பெனி இரண்டு கேள்வி கேட்டுப் பதில் அனுப்பியது. சரக்கு கெட்டதற்குக் காரணம் நீங்கள் இடம் மாற்றாததுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ஏன் மாற்றவில்லை என்பது ஒன்று. ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’ பாலிசியில் சேராது, தெரியுமல்லவா என்பது மற்றொன்று.

அன்பர் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். “கரண்ட் எங்கேங்க காரணம்? தண்ணி பலகைக்கு மேல ஏறிடுச்சு. அதான் காரணம். ஒண்ணரை அடி உயரத்துல பலகை போட்டுத்தான் அடுக்கியிருந்தேன். அதுக்கும் மேல ஏறினா நான் என்ன பண்ண முடியும்?” என்றார். அவர் வாயால் சொன்னதில் காரணம் சரியான இடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அது இடம் மாறிவிட்டது. கரண்ட் போனதும் உண்மை, மூட்டையை மாற்ற முடியாததும் உண்மை. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு ‘தேர்ஃபோர்’களும் சேர்ந்து வெள்ளத்தை வெளியே தள்ளிவிட்டு, பழியைக் கடைக்காரர் தலையில் போட்டுவிட்டன.

கடைசியில் போட்ட அந்தக் கனமான சொல்லையும் பார்த்துவிடுவோம். ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’ என்றால் ‘அதனால் ஏற்பட்ட நஷ்டம்’ என்று பையன் நினைத்துவிட்டான். அகராதிப்படி அது தவறில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் அகராதியில் அதற்கு வேறு பொருள். சரக்கு நனைந்து போனது நேரடி நஷ்டம். கடை பத்து நாள் பூட்டிக் கிடந்ததால் போன லாபம், சரக்கு தர முடியாமல் கைவிட்டுப் போன வாடிக்கை, இவையெல்லாம்தான் ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’. சிறு வியாபாரிகளுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி ஓர் இடத்தில் ரூ.5 கோடி மதிப்பு வரையுள்ள சொத்துக்கும் சரக்குக்கும் ஆனது. புயலும் வெள்ளமும் அதில் சேர்ந்தே வருகின்றன. ஆனால் வருமான இழப்பு, தாமதத்தால் வரும் இழப்பு போன்ற மறைமுக நஷ்டங்கள் அதில் சேராதவை. ஆக, கிடைக்க வேண்டிய நேரடி நஷ்டத்துக்குக் கிடைக்காத நஷ்டத்தின் பெயரை நாமே சூட்டி அனுப்பியிருக்கிறோம்.

மறு கடிதம் இப்படி எழுதப்பட்டது: ‘ஃப்ளட் வாட்டர் என்டர்ட் அவர் ஷாப் இன் தி எர்லி அவர்ஸ் ஆஃப் 4 டிசம்பர் 2023 அண்ட் ரோஸ் அபவ் தி வுடன் பிளாங்க்ஸ் ஆன் விச் தி பேக்ஸ் வேர் ஸ்டாக்ட். தி பேக்ஸ் இன் தி லோயர் ரோஸ் வேர் ஸோக்ட் அண்ட் ஆர் தேர்ஃபோர் அன்ஃபிட் ஃபார் சேல்.’ வெள்ளம் வந்தது, பலகைக்கு மேல் ஏறியது, கீழ்வரிசை மூட்டைகள் ஊறின, ஆகவே விற்பனைக்கு உதவாது. ஒரே ஒரு ‘தேர்ஃபோர்’. கூடவே பலகை தெரியும்படி கடையின் போட்டோவும் ஸ்டாக் ரிஜிஸ்தர் நகலும் போயின. சரக்குத் தொகையில் பெரும்பகுதி வந்தது. வருவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. கடை பூட்டியிருந்த நாட்களுக்கு ஒன்றும் வரவில்லை. அது வராது என்பது முன்பே தெரிந்ததுதான்.

இன்ஷூரன்ஸ் சட்டத்தில் ‘எது காரணம்’ என்பது பழைய வழக்கு. முதல் உலகப் போரின்போது, 1915 ஜனவரியில், ‘இகாரியா’ என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி டார்பிடோ வைத்துத் தாக்கியது. ஓட்டை விழுந்த கப்பலைப் பிரான்ஸிலுள்ள ல ஹாவ்ர் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். அங்கே புயல் காற்றில் கரைச் சுவரில் மோத ஆரம்பித்ததால் வெளிப்பக்கமாக மாற்றி நிறுத்தினார்கள். ஒவ்வொரு நீர் இறக்கத்திலும் தரை தட்டித் தட்டிக் கடைசியில் முழுகிப்போயிற்று. கடல் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, போரின் விளைவுக்குக் கிடையாது என்பது பாலிசி. கப்பல் முழுகியது கடலால் என்றார்கள் உரிமையாளர்கள். டார்பிடோவால் என்றது கம்பெனி. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1918இல் டார்பிடோதான் காரணம் என்று முடிவு சொன்னது. கடைசியாக நடந்தது எது என்று பார்க்கக்கூடாது, நஷ்டத்தை உண்மையில் உண்டாக்கியது எது என்று பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கப்பல் முதலாளிகளுக்கே இந்தக் கதி என்றால் மளிகைக் கடைக்காரர் ‘ஆகவே, ஆகவே’ என்று அடுக்கும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

இனிப் பாடம். ‘தேர்ஃபோர்’ எழுதுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நமக்குத் தமிழ் தெரிந்திருப்பதே அதற்குப் போதும். இரண்டு வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேளுங்கள். முதல் வாக்கியம் பதிலாக வந்து நின்றால் ‘தேர்ஃபோர்’ போடலாம். ‘லாரி நாயுடுபேட்டையில் பழுதாகி நின்றது. சரக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தது.’ ஏன் தாமதம்? லாரி பழுது. சரி, போடலாம். ‘சரக்கு தாமதமாக வந்தது. லாரி பழுதாகிவிட்டது.’ ஏன் பழுது? சரக்குத் தாமதமானதாலா? இங்கே வேண்டியது ‘பிகாஸ்’, அதாவது ‘ஏனென்றால்’. ‘தேர்ஃபோர்’ காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் வழி. ‘பிகாஸ்’ விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பும் வழி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ‘இன்று ஐஸ் விற்கவில்லை. ஆகவே படகுகள் போகவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதில் தவறில்லை. ஐஸ் விற்காததால் படகு நின்றுபோனது என்று அவர் சொல்லவில்லை. ஐஸ் விற்காததைப் பார்த்துப் படகு போகவில்லை என்று ஊகித்துச் சொல்கிறார். ஆங்கிலத்திலும் ‘தேர்ஃபோர்’ இந்த ஊகத்துக்கு வரும். ஆனால் அப்போது ‘மஸ்ட்’ சேர்த்துக்கொள்வது நல்லது: ‘நோ ஐஸ் வாஸ் சோல்ட் டுடே; தேர்ஃபோர், தி போட்ஸ் மஸ்ட் ஹாவ் ஸ்டேய்ட் ஆன் ஷோர்.’ ‘மஸ்ட் ஹாவ்’ இருப்பதால் இது ஊகம் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அது இல்லாவிட்டால் ஐஸ் கடைக்காரர்தான் படகை நிறுத்தினார் என்று புரிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது.

அடுத்தது இணைப்பு. ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ இவையெல்லாம் இணைப்புச் சொற்கள். இரண்டு வாக்கியத்தைக் கொக்கி போட்டு ஒன்றாக்கும் வேலையைச் செய்யும். ‘தேர்ஃபோர்’ இணைப்புச் சொல் அல்ல, அது வினையடை. பொருளில் உறவு காட்டுமே தவிர, இலக்கணத்தில் கொக்கியாக நிற்காது. நம்மவர் செய்யும் தவறுகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான். ‘தி லாரி புரோக் டவுன், தேர்ஃபோர் தி கூட்ஸ் கேம் லேட்’ என்று காற்புள்ளி மட்டும் வைத்து எழுதுவது தவறு. அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து ‘தேர்ஃபோர்’ என்று பெரிய எழுத்தில் புது வாக்கியம் தொடங்கலாம். இல்லையென்றால் அரைப்புள்ளி வைக்கலாம். அதாவது புள்ளியும் அதன் கீழே காற்புள்ளியும் உள்ள குறி. ‘தேர்ஃபோர்’க்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. ‘தி லாரி புரோக் டவுன்; தேர்ஃபோர், தி கூட்ஸ் கேம் லேட்.’ இந்தக் குறிகளோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர்கள் ‘அண்ட் தேர்ஃபோர்’ என்று எழுதிவிடலாம். கொக்கி வேலையை ‘அண்ட்’ செய்துவிடும். இன்னும் எளிய வழி ‘ஸோ’. அது இணைப்புச் சொல், அதற்கு முன்னால் காற்புள்ளி போதும்: ‘தி லாரி புரோக் டவுன், ஸோ தி கூட்ஸ் கேம் லேட்.’ மில்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திக்கு ‘ஸோ’ தாராளமாகப் போதும். அதை மட்டமான சொல் என்று நினைத்து ஒதுக்குவது வீண் கௌரவம்.

ஆனால் ஒரு கோரிக்கையோ முடிவோ எழுதும்போது ‘தேர்ஃபோர்’க்கு உரிய இடம் வாக்கியத்தின் நடு. எழுவாய்க்குப் பின்னால், வினைக்கு முன்னால். ‘வீ தேர்ஃபோர் ரிக்வெஸ்ட் யூ டு சென்ட் எ கிரெடிட் நோட்.’ இங்கே காற்புள்ளி எதுவும் வேண்டாம். ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ போன்ற துணைவினை இருந்தால் அதற்கு அடுத்தபடியாக: ‘தி பில் இஸ் தேர்ஃபோர் நாட் பேயபிள்.’ தமிழில் ‘ஆகவே’ முன்னாலேயே வந்து பழகிவிட்டதால் இந்த நடு இடம் நமக்கு முதலில் விநோதமாகத் தெரியும். பத்துக் கடிதம் எழுதினால் பழகிவிடும். வக்கீல்கள் எழுதும் நோட்டீஸ்களைக் கவனித்தால் தெரியும், அங்கே ‘தேர்ஃபோர்’ பெரும்பாலும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் என்றதும் செக் ரிட்டர்ன் ஞாபகத்துக்கு வருகிறது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் எதிர்த்தரப்பு பணம் கட்ட வேண்டும் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு சொல்லும் கணக்கு. அந்த நோட்டீஸின் உயிர்நாடியே ஒரு ‘தேர்ஃபோர்’ வாக்கியம்தான்: செக் திரும்பியது, ஆகவே இத்தனை ரூபாயைக் கேட்கிறோம். அதை வக்கீலிடமே விட்டுவிடுங்கள். ஆனால் அவர் எழுதியதில் தொகையும் தேதியும் சரியா என்று வாசித்துப் பார்க்கும் அளவுக்காவது நமக்குப் புரிய வேண்டும்.

தமிழ் நம் கையைப் பிடித்துத் தவறான பக்கம் இழுக்கும் இடங்கள் இரண்டு. தமிழில் ‘மழை பெய்ததால்’ என்று காரணத்தை வினையிலேயே ஒட்டிவிடுகிறோம். பேசும்போது அதற்கு மேலும் ஒன்று போடுவது உண்டு: ‘மழை பெஞ்சதால, அதனால வர முடியல.’ பேச்சில் இது இயல்பு. இதையே ஆங்கிலத்தில் ‘ஆஸ் இட் வாஸ் ரெய்னிங், தேர்ஃபோர் வீ குட் நாட் கம்’ என்று எழுதினால் தவறு. ‘ஆஸ்’, ‘ஸின்ஸ்’, ‘பிகாஸ்’ இவற்றில் ஒன்று வந்துவிட்டால் ‘தேர்ஃபோர்’ வரக்கூடாது. ஒரு மூட்டைக்கு ஒரு சீட்டு. இரண்டு சீட்டு ஒட்டினால் குழப்பம்தான். இன்னொன்று ‘அதனால்தான்’. இதை அப்படியே பெயர்த்து ‘தேர்ஃபோர் ஒன்லி’, ‘ஸோ ஒன்லி’ என்று எழுதுகிறோம். ‘ஸோ ஒன்லி ஐ டிட் நாட் பே.’ நமக்குள் பேசும்போது நன்றாகவே புரிகிறது. கலபுரகிக்காரருக்குக்கூடப் புரியும்! ஆனால் எழுத்தில் ‘தட் இஸ் வை’ என்று எழுத வேண்டும்: ‘தட் இஸ் வை ஐ டிட் நாட் பே.’

‘தேர்ஃபோர்’க்கு உறவுக்காரச் சொற்கள் சில உண்டு. எல்லாவற்றையும் ஒன்றென்று நினைத்து மாற்றி மாற்றிப் போடுகிறோம். கடைக்காரருக்கு உதவுகிற மூன்றை மட்டும் பார்ப்போம்.

‘ஹென்ஸ்’ என்பதற்கு அடிப்படைப் பொருள் ‘இங்கிருந்து’, ‘இதிலிருந்து’. ‘டூ வீக்ஸ் ஹென்ஸ்’ என்றால் இன்றிலிருந்து இரண்டு வாரம். இதற்கு ஒரு தனிச் சலுகை: பின்னால் வினைச்சொல் இல்லாமல் பெயர்ச்சொல் மட்டும் வந்து நிற்கலாம். ‘தி ரோட் வாஸ் அண்டர் வாட்டர், ஹென்ஸ் தி டிலே.’ சாலை தண்ணீரில் இருந்தது, அதனால் வந்தது தாமதம். இங்கே ‘தேர்ஃபோர் தி டிலே’ என்று போட்டால் நிற்காது. ‘ஹென்ஸ் வை’ என்று சிலர் எழுதுவதும் இரட்டைச் சீட்டுதான்.

‘கான்சிக்வென்ட்லி’ என்பது, ஒன்று நடந்து அதன் தொடர்ச்சியாக இன்னொன்று நடந்தது என்று சொல்ல. கோரிக்கைக்கு இது ஆகாது. ‘கான்சிக்வென்ட்லி, வீ ரிக்வெஸ்ட் யூ’ என்று எழுதக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் காதுக்குக் கரடுமுரடாக இருக்கும். இந்தச் சொல்லுக்கு நம் ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தடியில் நல்ல தண்ணீர் ஏராளமாக இருந்தது. சென்னை நகரின் குடிநீருக்கும், தொழிற்சாலைகளுக்கும், வயல்களுக்குமாக அங்கிருந்து பல பத்தாண்டுகள் ஆழ்குழாய்க் கிணறுகளால் இறைத்தார்கள். ஊறுவதைவிட இறைத்தது அதிகம். நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. கடல்நீர் உள்ளே நகர்ந்தது. மீஞ்சூரைச் சுற்றிக் கிணறுகள் உப்புக் கரித்தன. ‘டூ மச் வாட்டர் வாஸ் பம்ப்ட் அவுட்; கான்சிக்வென்ட்லி, ஸீ வாட்டர் மூவ்ட் இன்லேண்ட்.’ இந்த ‘கான்சிக்வென்ட்லி’க்குள் எத்தனை வருடங்கள் அடங்கிக் கிடக்கின்றன பாருங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் பக்கத்துக் காட்டுப்பள்ளியிலேயே வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்பது அதன் திறன். நாமோ கடை வாசலில் கேன் தண்ணீர் அடுக்கி விற்கிறோம். அதையும் ஒரு விளைவு என்று சேர்த்துக்கொள்ளலாம்.

‘அக்கார்டிங்லி’ என்பது நாம் அதிகம் பயன்படுத்த வேண்டிய, ஆனால் மறந்துவிடுகிற சொல். ‘அதன்படி’ என்று பொருள். ‘யூ ஆர்டர்ட் 40 பேக்ஸ் ஆன் 3 ஜூன். அக்கார்டிங்லி, வீ டெஸ்பாட்ச்ட் 40 பேக்ஸ் ஆன் 5 ஜூன்.’ நீங்கள் சொன்னபடி நாங்கள் செய்தோம் என்பதை இந்த ஒரு சொல் பதிவு செய்துவிடுகிறது. பிறகு ‘நான் 40 கேட்கவே இல்லை’ என்ற பேச்சு வந்தால் அந்தக் கடிதம் துணை நிற்கும். இந்த இடத்தில் ‘தேர்ஃபோர்’ போட்டாலும் தவறில்லை என்றாலும், சொன்னபடி செய்தோம் என்ற அழுத்தம் அதில் வராது.

இப்போது ஒரு முழுக் கடிதத்தின் நடுப்பகுதியைப் பார்ப்போம். பழவேற்காட்டு ஏரியை நம்பியிருக்கும் ஊர்களில் மளிகைக் கடை நடத்துவது எப்படி என்று வெளியூர் மில்காரருக்குத் தெரியாது. அங்கே பல குடும்பங்கள் பாடு முறைப்படி, அதாவது முறை வைத்து வலை போடுபவர்கள். பாடு வருகிற நாளில் பாக்கி கொஞ்சம் அடையும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் இறாலும் மீனும் உள்ளே வருவது குறையும்; கடையில் பாக்கி நோட்டுத் தடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் 61 நாள் இருக்கிறது. படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டுக் கணக்கும் அப்போது நின்றுவிடும். அந்தச் சமயத்தில் பருப்பு மில்லுக்குத் தவணை கேட்டு எழுத வேண்டும். பலர் எழுதுவது: ‘பிசினஸ் இஸ் டல். தேர்ஃபோர் ஐ வில் பே லேட்டர்.’ வியாபாரம் மந்தம் என்பது எல்லோரும் எப்போதும் சொல்வது. மில்காரர் அதற்கு அசைய மாட்டார். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘தி மவுத் ஆஃப் தி லேக் இஸ் குளோஸ்ட் வித் ஸாண்ட், அண்ட் தி கேட்ச் இஸ் வெரி லோ. மை கஸ்டமர்ஸ் ஆர் ஃபிஷர்மென். தே ஹாவ் கான்சிக்வென்ட்லி நாட் செட்டில்ட் தேர் அக்கவுண்ட்ஸ். ஐ தேர்ஃபோர் ரிக்வெஸ்ட் 30 டேஸ் டைம் ஃபார் யுவர் பில் டேட்டட் 2 மே.’

முகத்துவாரம் மூடியது, மீன் இல்லை, என் வாடிக்கையாளர்கள் மீனவர்கள், அதன் விளைவாகப் பாக்கி அடையவில்லை, ஆகவே 30 நாள் தவணை கேட்கிறேன். நடந்த விளைவுக்கு ‘கான்சிக்வென்ட்லி’, கோரிக்கைக்கு ‘தேர்ஃபோர்’. இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. எத்தனை நாள், எந்த பில் என்பதும் இருக்கிறது. இவ்வளவு எழுதியும் மில்காரர் மறுக்கலாம். அது வேறு விஷயம். மனுஷன் சாக்குச் சொல்கிறான் என்று மட்டும் நினைக்க மாட்டார்.

ஜி.எஸ்.டி. விஷயத்திலும் இதே ஒழுங்குதான். ‘தி சப்ளையர் டிட் நாட் அப்லோட் தி இன்வாய்ஸ் இன் ஜி.எஸ்.டி.ஆர்-1. இட் தேர்ஃபோர் டிட் நாட் அப்பியர் இன் அவர் ஜி.எஸ்.டி.ஆர்-2பி.’ பில்லை ஏற்றாதது விற்றவர். அது நம் 2பி-யில் வராதது அதன் விளைவு. சிலர் அவசரத்தில் ‘வீ டிட் நாட் செக். தேர்ஃபோர் தி இன்வாய்ஸ் டிட் நாட் அப்பியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நாம் பார்க்காததால் பில் வராமல் போகுமா? பணிவாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு, நடக்காத காரணத்தை நம் தலையில் நாமே ஏற்றிக்கொள்கிறோம். நம் தவறு உண்மையில் இருந்தால் அதைத் தனி வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளலாம். அதை எல்லாவற்றுக்கும் காரணமாக்கி ‘தேர்ஃபோர்’ போட வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டு பற்றி ஒரு வார்த்தை. டி-எச்-இ-ஆர்-இ, எஃப்-ஓ-ஆர்-இ. கடைசி ‘இ’யை விட்டுவிட்டால் அது வேறு சொல்லாகிவிடும், ‘அதற்காக’ என்று பொருள். பழைய ஒப்பந்தங்களில் ‘பேமென்ட் தேர்ஃபோர்’ என்று, அதாவது ‘அதற்கான தொகை’ என்று, கடைசி ‘இ’ இல்லாமல் அச்சிட்டிருப்பார்கள். அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தி, கையெழுத்தும் போட்டு அனுப்பிய அன்பர்கள் உண்டு.

பயிற்சிக்கு மூன்று வாக்கியம். கையில் பென்சில் எடுத்துக்கொண்டு, விடையைப் பார்க்காமல் திருத்துங்கள். ‘ஸின்ஸ் தி பேக்ஸ் வேர் டோர்ன், தேர்ஃபோர் வீ ரிட்டர்ன்ட் தெம்.’ ‘தி பிரைஸ் ஆஃப் ஆனியன் வென்ட் அப். தேர்ஃபோர் தேர் வாஸ் ஹெவி ரெய்ன் இன் நாசிக்.’ ‘டாக்ஸ் வாஸ் லெவீட் ஆன் ரைஸ் இன் பேக்ஸ் அப்டு 25 கேஜி, தேர்ஃபோர் சம் மில்ஸ் ஸ்டார்ட்டட் பேக்கிங் 26 கேஜி.’

முதல் வாக்கியத்தில் ‘தேர்ஃபோர்’ஐ அடித்துவிட்டால் போதும், ‘ஸின்ஸ்’ இருக்கிறது. இரண்டாவதில் காரணமும் விளைவும் தலைகீழ். நாசிக்கில் மழை பெய்ததை முதலில் எழுதி, வெங்காய விலை ஏறியதைப் பின்னால் எழுத வேண்டும். மூன்றாவதில் பொருள் சரிதான். 2022 ஜூலை 18 முதல், பையில் கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும் சில மில்கள் 26 கிலோ மூட்டை போட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம், விற்கவும் விற்றோம். அந்த வாக்கியத்தில் பிழை காற்புள்ளியில்தான். அதை அரைப்புள்ளியாக்கி, ‘தேர்ஃபோர்’க்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வையுங்கள்.